சினிமாப் பாட்டில் வளர்ந்த காதுக்கு எந்த ஆல்பத்திலிருந்து தொடங்குவது?

“இளையராஜா, ரஹ்மான் பாட்டுகளோடு வளர்ந்தவன் நான். வீட்டில் அம்மா கச்சேரி கேட்பார், அதுவும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஆனால் ஜாஸ், ராக், மேற்கத்திய சாஸ்திரிய இசை என்று எதைத் தொட்டாலும் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. ஒவ்வொரு வகையிலும் உங்களுக்குப் பிடித்த ஆல்பம் ஒன்று சொல்லுங்கள்” என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், உங்கள் காது பழகாத காது கிடையாது. ராகத்தின் பெயர் தெரியாவிட்டாலும் கரகரப்பிரியாவின் சாயல் தெரியும். சினிமாப் பாட்டின் இடையிசையில் வயலின்களும் பேஸ் கிட்டாரும் ஆளுக்கொரு வழியில் போய் ஓரிடத்தில் சேர்வது தெரியும். தவிலும் உறுமியும் தெரியும். ‘உலகின் தலைசிறந்த நூறு ஆல்பங்கள்’ மாதிரியான பட்டியல்கள் இதையெல்லாம் கணக்கில் எடுப்பதில்லை. அவை அந்தந்த இசைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குப் போட்டவை. அதனால் ஒவ்வொரு ஆல்பத்துக்கும், உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த எதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகலாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். எல்லாமே எனக்கு உயிரானவை.

அடுத்தது, கேட்கும் முறை. நமக்கு ஆல்பம் என்றால் ஒரு படத்தின் ஐந்தாறு பாட்டு. ஒன்று டூயட், ஒன்று சோகம், ஒன்று குத்து. எந்த வரிசையில் கேட்டாலும் நஷ்டமில்லை. இசைத்தட்டுக் காலத்து ஆல்பம் அப்படியில்லை. ஒரு பக்கத்துக்குச் சுமார் இருபது நிமிடம், மொத்தம் நாற்பது நிமிடம் என்று வையுங்கள். எதில் தொடங்குவது, முதல் பக்கத்தை எதில் முடிப்பது, தட்டைத் திருப்பிப் போட்டதும் எது வர வேண்டும் என்றெல்லாம் யோசித்து அடுக்கியிருப்பார்கள். ஆகவே செயலியில் ஷஃபிளை அணைத்துவிடுங்கள். ‘டீலக்ஸ்’, ‘லெகசி’ என்று பெயர் போட்ட பதிப்புகளையும் முதல் தடவை தவிர்த்துவிடுங்கள். அவற்றில் கடைசிப் பாட்டு முடிந்த கையோடு மிச்சப் பதிவுகளும் மாற்று வடிவங்களும் ஓட ஆரம்பித்து, ஆல்பம் எங்கே முடிந்தது என்பதே தெரியாமல் போய்விடும்.

சரி, ஜாஸ். ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’, 1959. எல்லோரும் சொல்லும் ஆல்பம்தான். ஆனால் நம் ஆட்களுக்கு இதைச் சொல்ல எனக்குத் தனிக் காரணம் இருக்கிறது. அதற்கு முந்தைய ஜாஸில், பாட்டின் அடியில் கார்டுகள் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) மளமளவென்று மாறிக்கொண்டே இருக்கும். தனியாக வாசிப்பவர் ஒவ்வொரு கார்டுக்கும் ஏற்றபடி சுரங்களை மாற்றிக்கொண்டு ஓட வேண்டும். ஒரே ராகத்தில் நின்று நிதானமாக ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு அது மூச்சு முட்டும் ஓட்டமாகப் படும். நீங்கள் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். மைல்ஸ் இந்த ஆல்பத்தில் அந்த ஓட்டத்தைக் குறைத்துவிட்டு, ஒரு சுரவரிசையைக் கொடுத்து அதிலேயே நின்று வாசிக்கச் சொன்னார்.

முதல் உருப்படி ‘சோ வாட்’. அதன் சுரவரிசையை அவர்கள் டோரியன் என்பார்கள். சட்ஜம், சதுஸ்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், சதுஸ்ருதி தைவதம், கைசிகி நிஷாதம். 22ஆவது மேளம், நம் கரகரப்பிரியா! தியாகராஜரின் ‘சக்கனி ராஜ’வில் புழங்கும் அதே சுரங்கள். கமகம் கிடையாது, சஞ்சாரம் வேறு, ஆகவே அதுவே ராகம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்களுக்கு அந்தச் சுரங்கள் புதிதல்ல.

அமைப்பையும் காதாலேயே பிடித்துவிடலாம். ஒரு சுற்றுக்கு 32 பார் (ஒரு பார் என்பது நாலு எண்ணிக்கை). முதல் 16 பார் இரண்டு கட்டை சுருதியில். அடுத்த 8 பார் அதே வரிசை அரைக் கட்டை ஏறி இரண்டரைக் கட்டையில். கடைசி 8 பார் திரும்பவும் இரண்டு கட்டைக்கு. இந்த ஏற்றமும் இறக்கமும் வரும் இடத்தை ஒரு தரம் பிடித்துவிட்டால் ஒன்பது நிமிடமும் வழி தப்பாது. தொடக்கத்தில் பியானோவும் பேஸும் தாளக்கட்டு இல்லாமல் கொஞ்ச நேரம் வாசிப்பார்கள். பிறகு பால் சேம்பர்ஸ் பேஸில் ஒரு கேள்வி கேட்பார். மற்றவர்கள் இரண்டே சுரத்தில் பதில் சொல்வார்கள். ஒன்றரை நிமிடம் போனதும் மைல்ஸின் ட்ரம்பெட் தனியாகக் கிளம்பும். சரியாக அந்த இடத்தில் ஜிம்மி காப் சிம்பலில் ஓங்கி ஒரு அடி அடிப்பார். அந்த ஒலி மைல்ஸின் முதல் சுரங்களுக்கு அடியில் கரைந்துகொண்டே போகும். நல்ல ஹெட்போனில் அந்தச் சில வினாடிகளை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுப் பாருங்கள். எத்தனை தடவை கேட்டாலும் எனக்குப் புல்லரிக்கிறது. அப்புறம் சாக்ஸபோனில் ஜான் கோல்ட்ரேன், கேனன்பால் ஆடர்லி, பியானோவில் பில் எவன்ஸ் என்று வரிசையாக வருவார்கள். மைல்ஸ் இடைவெளி விட்டு விட்டு வாசிப்பவர், கோல்ட்ரேன் கொட்டித் தீர்ப்பவர். ஒரே சுரவரிசையில் நாலு பேரின் மனோதர்மத்தை அடுத்தடுத்துக் கேட்கக் கிடைப்பது சாதாரண விஷயமில்லை.

ஆல்பத்தின் கடைசி உருப்படி ‘ஃபிளமென்கோ ஸ்கெட்சஸ்’. ஐந்து சுரவரிசைகள். ஒவ்வொன்றிலும் வாசிப்பவர் தனக்குத் திருப்தியாகும்வரை நின்றுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். ராகமாலிகை கேட்டுப் பழகியவருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

மொத்த ஆல்பமும் 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாளில் பதிவானது. மார்ச் பதிவில் ஒலிநாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. அதைச் சரியான வேகத்தில் ஓட்டித் தட்டாக்கியபோது முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் சுருதி கொஞ்சம் ஏறி ஒலித்தன. முப்பது வருடத்துக்கும் மேலாக உலகம் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தது. 1990களில் வந்த பதிப்புகளில்தான் சரிசெய்தார்கள். பழைய தட்டு கையில் கிடைத்து, பக்கத்தில் சுருதிப் பெட்டியை வைத்தால் சேராமல் போவது இதனால்தான்.

கோல்ட்ரேன் பிடித்துப்போனால் நேராக அவருடைய ‘எ லவ் சுப்ரீம்’ பக்கம் போங்கள். 1964 டிசம்பர் 9 அன்று பதிவானது, 1965இல் வெளிவந்தது. நாலு பாகம், சுமார் 33 நிமிடம். கடவுளுக்குக் காணிக்கையாகச் செய்தது என்று அவரே உறையில் எழுதினார். உறையில் அவர் எழுதிய ஒரு கவிதையும் இருக்கிறது. நாலாவது பாகமான ‘சாம்’ அந்தக் கவிதைதான்: சொல் சொல்லாக, வரி வரியாக, சாக்ஸபோனாலேயே சொல்கிறார். தாளக்கட்டு கிடையாது. நாம் விருத்தம் என்று சொல்வது இதைத்தான்! கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். எந்த வரியில் இருக்கிறார் என்று விரல் வைத்துத் தொடர முடியும்.

அவருடைய மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன் பியானோவும் ஹார்ப்பும் வாசிப்பவர். 1967இல் ஜான் 40 வயதில் இறந்தபிறகு, அந்தத் துயரத்தில் அவர் ஒரு குருவைத் தேடிப் போனார். அந்தக் குரு சுவாமி சச்சிதானந்தர்: கோயம்புத்தூர் பக்கத்துச் செட்டிபாளையத்தில் 1914இல் பிறந்தவர், ரிஷிகேஷ் சிவானந்தரின் சீடர், 1969இல் உட்ஸ்டாக் இசை விழா மேடையில் தொடக்க உரை ஆற்றியவர். 1971இல் வந்த ஆலிஸின் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’ ஆல்பத்தின் பெயர் அவரிடமிருந்து வந்தது. முதல் பாட்டில் தம்புரா மீட்டல் ஓடிக்கொண்டே இருக்கும். அதன்மேல் பேஸில் ஒரு சின்னச் சொற்கட்டு திரும்பத் திரும்ப வரும். அதற்குமேல் ஹார்ப் வழிந்தோடும், ஃபேரோ சாண்டர்ஸின் சோப்ரானோ சாக்ஸபோன் மெதுவாக எழும். நாகஸ்வரம் கேட்ட காதுக்கு அந்தக் குழல் அந்நியமாகவே இருக்காது. ஜாஸில் உங்களுக்கு ஒரே ஒரு ஆல்பத்துக்குத்தான் பொறுமை என்றால், ‘கைண்ட் ஆஃப் புளூ’வைக்கூட விட்டுவிட்டு இதைக் கேளுங்கள் என்பேன்.

மேற்கத்திய சாஸ்திரிய இசைக்கு வருவோம். சிம்பொனியில் தொடங்க வேண்டாம், ஒற்றைப் பியானோ போதும். பாக் எழுதிய கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ், வாசிப்பவர் கனடாவின் கிளென் கூல்ட். இதை அவர் இரண்டு முறை பதிவு செய்தார். 1955இல், 22 வயதில் ஒரு முறை. 1981இல் மறுபடி. இரண்டுமே நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் 30ஆவது தெரு ஸ்டுடியோவில் நடந்தவை. பழைய தேவாலயக் கட்டடம் அது. ‘கைண்ட் ஆஃப் புளூ’ பதிவானதும் அங்கேதான். முதல் பதிவு 38 நிமிடத்துச் சொச்சம், இரண்டாவது 51 நிமிடம். தொடக்கத்தில் வரும் ‘ஏரியா’ என்ற மெட்டு 1955இல் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 1981இல் அதே சுரங்களுக்கு மூன்று நிமிடம் எடுத்துக்கொள்கிறார். முதலில் இந்த இரண்டு ஏரியாக்களை மட்டும் அடுத்தடுத்துக் கேளுங்கள். எது பிடிக்கிறதோ அந்தப் பதிவை முழுதாகத் தொடருங்கள். எனக்கு 1981. அது வெளிவந்த 1982லேயே கூல்ட் 50 வயதில் இறந்துபோனார்.

இதில் உள்ளே போகும் வழி இடது கை. ஏரியாவுக்குப் பிறகு முப்பது வேரியேஷன்கள், அதாவது அதன் மாற்று வடிவங்கள், வரும். அவற்றில் ஏரியாவின் மெட்டைத் தேடினால் கிடைக்காது, ஏமாந்துபோவீர்கள். பாக் வைத்துக்கொண்டு விளையாடுவது அடியில் ஓடும் பேஸ் வரியையும் அதன் கார்டுகளையும்தான். ராஜா பாட்டில் பேஸ் கிட்டார் போகும் வழியைத் தனியாகக் கவனித்துக் கேட்பவர் நீங்கள் என்றால், பாதி வேலை முடிந்தது. மூன்று வேரியேஷனுக்கு ஒன்று கேனன்: ஒரு குரல் வாசித்ததை இன்னொரு குரல் சற்றுப் பின்னால் தொடர்ந்து வாசித்துக்கொண்டே வரும். கடைசியில் அதே ஏரியா திரும்பவும் வரும். பின்னணியில் யாரோ முனகுவது கேட்டால் பதிவில் கோளாறு என்று நினைக்க வேண்டாம். கூல்ட் வாசிக்கும்போது கூடவே பாடிக்கொண்டிருப்பார்.

அதை முடித்த கையோடு இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’. 1986இல் வந்த, சினிமா சாராத ஆல்பம். தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பித்தது. ராஜா ரசிகர்களிலேயே பலர் இதை ஒரு பாட்டோ இரண்டு பாட்டோதான் கேட்டிருப்பார்கள் என்பது எனக்குப் பெரிய ஆதங்கம். ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்ற உருப்படியில் பாக்கின் மூன்றாவது வயலின் பார்ட்டிடாவின் (நடன மெட்டுகளைக் கோத்த தொகுப்பு) தொடக்கப் பகுதியை எடுத்துக்கொண்டு அதனோடு பேசுகிறார். பார்ட்டிடாவைத் தனி வயலினில் ஒரு தடவை கேட்டுவிட்டு இதற்கு வாருங்கள். எந்தக் குரல் பாக்குடையது, எது ராஜா பின்னியது என்று பிரித்துக் கேட்க முடியும். ஆல்பத்தின் தனி வயலின் வி. எஸ். நரசிம்மன். எண்பதுகளின் எத்தனையோ பாட்டுகளில் பெயர் தெரியாமலே நாம் ரசித்த வயலின் அவருடையது.

1988இல் வந்த ‘நத்திங் பட் விண்ட்’டில் ராஜாவோடு ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல். சௌராசியா பிடித்துப்போனால் 1967இல் வந்த ‘கால் ஆஃப் தி வேலி’ கேளுங்கள். சிவகுமார் சர்மாவின் சந்தூர், சௌராசியாவின் குழல், பிரிஜ் பூஷண் காப்ராவின் கிட்டார். காஷ்மீரத்து ஆட்டிடையன் ஒருவனின் ஒரு நாள் என்று கற்பனை. விடியலுக்கு ஆஹிர் பைரவ் என்று தொடங்கி அந்தந்தப் பொழுதுக்குரிய ராகங்களாகப் போகும். இந்துஸ்தானிக்குப் புதியவர் யார் கேட்டாலும் நான் முதலில் கொடுப்பது இதைத்தான்.

ஷக்தி குழுவைச் சொல்லாமல் விடக்கூடாது. ஜான் மெக்லாஃப்லின் கிட்டார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, டி. எச். விநாயக்ராம் கடம், ஆர். ராகவன் மிருதங்கம். 1975 ஜூலையில் நியூயார்க் மாகாணத்தில் ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரியின் பதிவு 1976இல் ஆல்பமாக வந்தது. குழுவின் பெயரே ஆல்பத்தின் பெயர். முதல் உருப்படி ‘ஜாய்’ 18 நிமிடம். ஷக்திக்கென்றே மெக்லாஃப்லின் ஒரு கிட்டார் செய்துகொண்டார்: கமகம் வரும்படி கம்பியை அழுத்தி இழுக்க, ஃப்ரெட் எனப்படும் உலோகக் கட்டைகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகச் செதுக்கி, குறுக்கே கூடுதலாக ஏழு தந்திகளும் கட்டியது. அடுத்து வந்த ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’ இன்னும் நிதானமானது. ஆனால் தனியாவர்த்தனத்துக்காகவே கச்சேரிக்குப் போகிறவர் முதலாவதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ராக், சோல் (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பாட்டு வகை) இரண்டையும் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவற்றில் உங்களுக்கு வழிகாட்டி அதிகம் தேவைப்படாது. பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’, 1973. இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பில் முடியும், நடுவில் பாட்டுகள் ஒன்றோடொன்று கோத்து ஓடும். முதல் பக்கத்தின் கடைசி உருப்படியில் கிளேர் டோரி என்ற பாடகி ஒரு சொல்கூட இல்லாமல் பாடுகிறார். ஆலாபனைதான் அது, அங்கேயே மனதில் தோன்றியபடி பாடியது. அன்றைக்கு அவருக்குக் கிடைத்த கூலி 30 பவுண்ட். பிற்பாடு வழக்குப் போட்டு, 2005இல் சமரசமாகி, அந்த உருப்படியின் இசையமைப்பில் அவர் பெயரும் சேர்ந்தது. அந்தப் பெயர் சேர்ந்ததில் எனக்கு இன்றைக்கும் மகிழ்ச்சி.

மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’, 1971. வியட்நாம் போரிலிருந்து ஊர் திரும்பும் ஒருவன் தன் நாட்டைப் பார்த்துக் கேட்கும் கேள்விகள். மார்வினின் தம்பியே அந்தப் போரில் இருந்தவர். 35 நிமிடம், முதல் பக்கம் முழுதும் இடைவெளியில்லாமல் ஒரே பாட்டாக ஓடும். மோடவுன் நிறுவனத்தின் தட்டுகளில் வாத்தியக்காரர்கள் பெயரை உறையில் போட்டது இதில்தான் முதல் முறை. ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிட்டாரை விடாமல் பின்தொடருங்கள். ராஜா பாட்டில் பேஸ் கேட்டவர் இவரைக் கேட்டால் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும்.

ஹிப்ஹாப்பில் கென்ட்ரிக் லமாரின் ‘டு பிம்ப் எ பட்டர்ஃபிளை’, 2015. ஒரு கவிதை பாட்டுகளுக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே வந்து கடைசியில் முழுதாகும். வரிசை மாற்றிக் கேட்டால் அது கிடைக்கவே கிடைக்காது. வரிகளைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு கேளுங்கள். ஆங்கில ராப் எட்டவில்லை என்றால் 2019இல் அறிவும் ஆஃப்ரோவும் சேர்ந்து செய்த ‘தெருக்குரல்’ முதலில். தமிழில் சொல் எப்படித் தாளமாகிறது என்று அதில் கேட்டுவிட்டுப் போனால் லமார் எளிதாவார்.

கடைசியாக நான் எல்லோரிடமும் சிபாரிசு செய்யும் ஆல்பம், எம்.ஐ.ஏ.வின் ‘கலா’, 2007. லண்டனில் பிறந்து, சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போர்க் காலத்தில் திரும்பவும் லண்டன் போய்ச் சேர்ந்த மாயா அருள்பிரகாசம்தான் எம்.ஐ.ஏ. முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் பெயர், ‘அருளர்’. இரண்டாவதற்கு அம்மாவின் பெயர். அமெரிக்க விசாவில் சிக்கல் வந்ததால் இந்தியா, டிரினிடாட், லைபீரியா என்று பல நாடுகளில் அலைந்து பதிவு செய்தார். சென்னையில் உறுமிக்காரர்களை அழைத்து வாசிக்க வைத்தார். இரண்டாவது பாட்டான ‘பேர்ட் ஃபுளூ’விலும் அடுத்து வரும் ‘பாய்ஸ்’ஸிலும் அந்த உறுமிகள்தான் முதுகெலும்பு. நியூயார்க், லண்டன் நடன அரங்குகளில் நம் திருவிழாத் தாளத்தை யாருக்கும் விளக்கம் சொல்லாமல் ஒலிக்க வைத்த ஆல்பம் இது. கைபேசி ஸ்பீக்கரில் மட்டும் கேட்டுவிடாதீர்கள். உறுமியின் அந்த அடிவயிற்று இழுப்பு அதில் காணாமல் போய்விடும். பெரிய ஒலிபெருக்கியில், பக்கத்து வீட்டுக்காரர் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துப் போடுங்கள்.